ஊக்குத் துளை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது வெள்ளை. மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜில், உள்பக்கமாக, மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை கெட்டியாக வழிந்து நின்ற வெள்ளை. அதற்குப் பின்னால் குளிர்பான பாட்டில்களின் மூடிகள் மட்டும் சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்தன. கதவின் அடி ரப்பரைத் தாண்டி அது தரைக்கும் வந்திருந்தது. சுமார் இரண்டடி தூரம். கடைக்காரர் செருப்பில்லாமல் அதன் ஓரத்தில் நின்றிருந்தார். ஷட்டரைப் பாதிதான் ஏற்றியிருந்தார்.

நான் பால் வாங்கப் போயிருந்தேன். பால் கேட்காமல் நின்றேன்.

அது இட்லி மாவு. அவருடைய மாவு. முந்தின நாள் மாலை அவர் அடுக்கும்போது எண்ணியிருந்தேன், நாற்பது கவர். இப்போது பதினொன்று வெடித்திருந்தன. மற்றவை தலையணைபோல உப்பி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே பன்னிரண்டாவதின் ஒட்டுவாய் பிரிந்தது. பெரிய சத்தமில்லை. தூக்கத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டதுபோல இருந்தது.

இந்தக் காட்சிக்காக நான் இருபத்தெட்டு நாள் காத்திருந்தேன். அதை மறைப்பதற்கில்லை.

கடை, சேலையூரிலிருந்து அகரம்தென் போகும் சாலையில் இருக்கிறது. கடைக்காரர் அந்த ஊரின் பூர்வீகக் குடும்பம். எங்கள் தெரு முழுக்க அவருடைய தாத்தா நெல் போட்ட நிலம் என்பது எங்கள் மனைப் பத்திரத்திலேயே இருக்கிறது. நாங்கள் பிளாட் வாங்கி வந்தவர்கள். என் அக்கா, அத்தான் போன பிறகு, என் வீட்டு மாடிக்கு வந்தாள். வந்த மூன்றாம் மாதம் ஒரு கிரைண்டரை மாடி ஏற்றினாள். அந்த இருபத்தெட்டு நாளுக்கு முன்புவரை, ஆறு வருடமாக அவள் ஆட்டிய மாவுதான் அந்தக் கடையின் ஃபிரிட்ஜில் இருந்தது.

அவள் வேலை செய்யும் முறையை எழுதிவைக்க வேண்டும். மதியம் ஆட்டுவாள். மாலை நிதானமாகக் கவரில் ஊற்றுவாள். முக்கால் அளவுக்கு மேல் போகாது. வாயைத் திருகி ரப்பர் பேண்ட் போடுவாள். பிறகு நைட்டியின் தோள்பட்டையில் குத்தியிருக்கும் ஊக்கை எடுத்து, அடுப்புத் தீயில் காட்டி, துணியில் துடைத்து, ரப்பர் பேண்டுக்கு இரண்டு விரற்கடை கீழே ஒரே ஒரு குத்து. மாவு வெளியே வராது. துளை இருப்பது விளக்குக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும். ஒவ்வொரு கவருக்கும் இதைச் செய்வாள். ஒருநாளும் மறந்து பார்த்ததில்லை.

"எதுக்குக்கா ஓட்டை?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"அது மூச்சு விட வேணாமாடா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் நான் ஒரு நாளிதழில் இருந்தேன். புறநகர்ப் பக்கம் பார்த்ததுபோக, தேர்வு மாதங்களில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான வினா விடைப் பக்கமும் என் மேஜைக்கு வரும். 'சுவாசம் என்றால் என்ன?' என்பது வருடம் தவறாமல் வரும் இரண்டு மதிப்பெண் கேள்வி. பெரும்பாலான பிள்ளைகள் மூக்கில் தொடங்கி நுரையீரலில் முடித்துவிடுவார்கள். அதற்கு ஒரு மதிப்பெண்தான். மூச்சு விடுவது காற்றை உள்ளே இழுத்து வெளியே விடும் வேலை. சுவாசம் அதற்கும் உள்ளே நடப்பது. உயிர் தன் உணவை உடைத்து, தான் உயிரோடிருக்கத் தேவையான ஆற்றலை எடுத்துக்கொள்வது. மூக்கு இல்லாததும் அதைச் செய்கிறது. வேர் செய்கிறது, ஊறவைத்த உளுந்து செய்கிறது, மாவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாதவையும் செய்கின்றன. அடுத்த கேள்வி எப்போதும் இது: 'காற்றில்லா சுவாசம் என்றால் என்ன? எடுத்துக்காட்டு தருக.' சில உயிர்களுக்குக் காற்றே வேண்டாம். காற்றை அடைத்தாலும் அவை நிறுத்துவதில்லை. மாவில் உள்ள சர்க்கரையை உடைத்துக்கொண்டே போகும். வாயுவையும் புளிப்பையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சூடு கூடினால் வேகம் கூடும்.

ஆகவே அக்காவின் விடைக்கு ஒரு மதிப்பெண். அவளுடைய ஊக்குக்கு இரண்டு.

இனி, நடந்தது. கத்திரி வெயில் தொடங்கிய ஒரு ஞாயிறு. காலை ஆறரைக்கு அக்கா அன்றைய மாவைப் பையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். நானும் கூட இருந்தேன். கடையில் எட்டுப் பேர். அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண்மணி, முந்தின நாள் மீந்த கவர் ஒன்றைச் சற்று முன்புதான் வாங்கிப்போய், திரும்பக் கொண்டுவந்திருந்தார். கத்தரித்த கவரை முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்னண்ணா, மாவு கெட்டுப்போச்சு. இந்தப் புளிப்புல எப்படி இட்லி ஊத்துறது? எங்க வீட்டுக்காரருக்குப் போன வாரமே வயிறு சரியில்ல."

கடைக்காரர் அக்காவைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்மணியைப் பார்த்துச் சொன்னார். குரலை ஏற்றித்தான் சொன்னார்.

"நான் இன்னாமா பண்றது, நானா ஆட்றேன்? அவங்க வூட்ல ஆட்றது. கைய கழுவுறாங்களோ இல்லியோ, யாருக்குத் தெரியும்? இத பாரு, கவர்ல ஓட்ட வேற. எறும்பு பூந்து குடித்தனம் பண்ணாகூடத் தெரியாது." இரண்டு பேர் சிரித்தார்கள். "இனிமே இந்த மாவு நம்ம கடைல வராது. போமா, வேற எதுனா எடுத்துக்க."

ஆறு வருடப் பழக்கத்தில் அக்காவுக்குக் கிடைத்த அறிவிப்பு அதுதான்.

அக்கா இருபத்தாறு கவர்களையும் திரும்பத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பையை என்னிடம் தரவில்லை. வீட்டுப் படியில் ஏழாவது படிக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. மேலே ஓடி இன்ஹேலரை எடுத்துவந்தேன். அது வேலை செய்யும்வரை வேறெதுவும் செய்யத் தோன்றாமல் கடிகாரத்தைப் பார்த்து அவள் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்து நான்கு. அந்த எண் எனக்கு மறக்கவில்லை. மறக்க நான் முயலவுமில்லை.

அவள் அடுத்த நான்கு வாரம் கிரைண்டரைத் தொடவில்லை. கேட்டால், "யாரு வாங்குவா? கை கழுவாதவ மாவு" என்பாள். தெருவில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று ஜன்னலைச் சாத்தினாள். நாளிதழில் தவறு வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். சின்ன எழுத்தில், உள்பக்கத்தில், ஆனாலும் போடுவோம். அக்காவுக்கு ஒரு திருத்தம் வரவேண்டும், அதே கடையில், அதே ஆட்களின் காதில் விழும்படி. அது வராவிட்டால், அவள் கேட்ட அதே வாக்கியத்தை அந்த மனிதர் தன் கல்லாவில் நின்று கேட்கவேண்டும். எனக்கு வேண்டியது இந்த இரண்டில் ஒன்று.

செய்தியாளன் முதலில் சம்பவ இடத்துக்குப் போகவேண்டும். மறுநாளிலிருந்து தினமும் ஐந்து நாற்பதுக்குப் பால் வாங்கப் போனேன். இரண்டாம் நாளே கவனித்தேன். ஷட்டர் ஏறும்போது ஃபிரிட்ஜில் விளக்கு எரிவதில்லை. அவர் உள்ளே போய், சாமி படத்துக்கு விளக்குப் போட்டு, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டு, அதன்பிறகுதான் ஃபிரிட்ஜின் சுவிட்சைத் தட்டுவார். பதினோரு நாள் பார்த்தேன். பதினோரு நாளும் அப்படித்தான். ஒருநாள் சாதாரணமாகக் கேட்டேன்.

"நைட்டு ஃபிரிட்ஜை நிறுத்திடுவீங்களாண்ணே?"

"பின்ன? ராத்திரி எவன் சார் வந்து கூல் டிரிங்ஸ் கேக்கப்போறான்? கதவத் தொறக்காம வுட்டா உள்ள இருக்கற ஜில்லு எங்கியும் போவாது. கரண்டு மிச்சம். போன வெயில்லேர்ந்து இப்டித்தான்."

மாவு திரும்பி வரத் தொடங்கியதும் போன வெயிலிலிருந்துதான். விற்காமல் மீந்த கவர்கள், நின்றுபோன ஃபிரிட்ஜுக்குள் மே மாத இரவைக் கழித்திருக்கின்றன. புளிக்காமல் என்ன செய்யும்? ஆனால் ஒரு கவரும் உப்பவில்லை, வெடிக்கவில்லை. அக்காவின் ஊக்குத் துளை வழியே வாயு போய்விட்டது. எந்தத் துளையைக் காட்டி அவர் அவளை அசிங்கப்படுத்தினாரோ, அதுதான் ஒரு வருடமாக அவருடைய சுவிட்சைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். மோர் ஊற்றிக்கொண்டாள்.

அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தைக்குப் பழைய புத்தகம் பார்க்கப் போனேன். கம்ப்யூட்டர் உதிரிகளும் மிக்ஸி மோட்டார்களும் தார்ப்பாயில் கொட்டிக்கிடந்த இடத்தில் கடைக்காரர் குந்தியிருந்தார். கையில் பழைய சீலிங் மெஷின். கவரின் வாயைச் சூட்டில் ஒட்டுவது.

"இன்னா சார், புக்கு பொறுக்க வந்துகினு கீறீங்களா? உக்காருங்க. நானே மாவு போடலாம்னு கீறேன். யக்காகிட்ட சொல்லுங்க, மனசுல ஒண்ணும் வச்சிக்க வாணாம்னு. பழக்கம் வேற, வியாபாரம் வேற."

"சொல்றேன்" என்றேன்.

மெஷினை விற்றவர் ஒரு துண்டுக் கவரை ஒட்டிக் காட்டினார். "இழுத்துப் பாருண்ணே. எறும்பு இன்னா, காத்துகூடப் பூராது."

கடைக்காரர் இழுத்துப் பார்த்தார். திருப்தி. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க பேப்பர்ல எழுதுன ஆளு. ஒண்ணு கேக்கறேன். மாவு ஏன் சார் பொங்குது?"

"அதுல உயிர் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத உயிர். அது சுவாசிக்குது."

"இன்னா சார் சொல்றீங்க, மாவு மூச்சு வுடுதா?" விற்றவரின் தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டியா மச்சான், இனிமே இட்லிய முழுங்கசொல்ல பாத்து முழுங்கணும்." சிரித்து முடித்ததும் கண் சுருங்கியது. புத்திசாலி. "அப்ப இதால டைட்டா ஒட்டிட்டா உள்ள காத்து போவாதுல்ல? அடங்கிடும்ல?"

அவர் கேட்டது இரண்டு கேள்வி. நான் முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன்.

"காத்து உள்ள போகாது."

அவர் தலையாட்டினார். இரண்டாவது கேள்விக்கான விடையை நான் எத்தனையோ வருடம் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அது நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்துத் தார்ப்பாயில் ஒரு பழைய அகராதியை எடுத்துப் புரட்டினேன். அட்டை இல்லை. வைத்துவிட்டு நடந்தேன். அன்று ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தாம்பரம் வரும்வரை நன்றாக மூச்சு விட்டேன்.

முதலிரண்டு வாரம் எதுவும் நடக்கவில்லை. கொஞ்சமாக ஆட்டினார், அன்றன்றே விற்றது. 'ஓட்டையில்லாத சுத்தமான மாவு' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். அக்கா கோயிலுக்குப் போகும் வழியில் அதைப் படித்துவிட்டு வந்தாள். அன்றும் இன்ஹேலர் தேவைப்பட்டது. ஞாயிறன்று ஏழு மணிக்கே மாவு தீர்ந்துவிட்டதால், அடுத்த வாரம் சனிக்கிழமை மாலையிலேயே நாற்பது கவர் ஊற்றி வைத்தார். புதிதாக ஆட்டிய மாவு, விளிம்புவரை. நான் தயிர் வாங்கும் சாக்கில் நின்று எண்ணினேன். ஒவ்வொன்றாக ஒட்டி, இழுத்துப் பார்த்து அடுக்கினார். அன்று பகலில் மின்விசிறிக் காற்றே சுட்டது. இரவு கடையை மூடும் முன் எப்போதும்போல் சுவிட்சை நிறுத்தியிருப்பார். அதைப் பார்க்க நான் போகவில்லை. தேவையிருக்கவில்லை.

இனி அந்த ஞாயிறு. ஆறு மணிக்குள் கடை முன் கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைக்காரர் பழைய பேப்பரைக் கசக்கிக் கண்ணாடியைத் துடைத்தார். அது எங்கள் நாளிதழா என்று பார்த்தேன். இல்லை. துடைக்கத் துடைக்க மாவு பரவியது. கதவைத் திறந்ததும் மூன்று கவர்கள் சரிந்து அவர் காலில் விழுந்தன. ஒன்று அங்கேயே பிரிந்தது.

ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி ஒருவர் கேட்டார். "இன்னா தல, ஃபிரிட்ஜுக்குப் பேதி புட்டுகிச்சா?"

"போடா டேய், நீ வேற."

"இல்ல தல, அப்டியே அடியில அடுப்ப பத்தவை. ஃபிரிட்ஜு சைஸுல ஒரே இட்லி."

ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். "சோடா உப்பு அள்ளிப் போட்டியாப்பா?"

"அதெல்லாம் ஒண்ணும் போடல சார். கவரு டூப்ளிகேட்டு. மெஷின் குடுத்தவன் ஏமாத்திட்டான்."

அப்போது அந்தப் பெண்மணி வந்தார், அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து. தரையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "என்னண்ணா, உங்க மாவும் கெட்டுப்போச்சா?" என்றார்.

அதே கல்லா. ஏறக்குறைய அதே ஆட்கள். 'உங்க' என்ற சொல் மட்டும் புதிது. கடைக்காரரின் காது மடல் சிவந்தது. தலையைத் தூக்காமல் துடைத்தார். நான் இருபது நிமிடம் நின்றேன். பால் வாங்கினேன், கவரில் மாவு ஒட்டியிருந்தது. வழித்து எறியாமல் அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போய் அக்காவிடம் காட்டினேன்.

அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உளுந்து பத்தல" என்றாள்.

அன்று மதியம் மாடியில் கிரைண்டர் சத்தம் கேட்டது. மறுநாள் காலை கேட்டில் அட்டை தொங்கியது: 'மாவு கிடைக்கும்.'

புதன்கிழமை மாலை கடைக்காரர் மாடி ஏறி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அக்கா கவரில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நல்லா கீறியா?"

"இருக்கேன். உக்காரு."

அவர் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தார். "பேஜாரா பூடுச்சுக்கா. ஞாயித்துக்கெழம மானம் போச்சு. வேற கவரு மாத்திப் பாத்துட்டேன், நேத்து ராத்திரி நாலு வெடிச்சிருச்சு. உன் கவரு ஆறு வருஷமா ஒண்ணுகூட வெடிச்சதில்ல. இன்னாதான்க்கா பண்ணுவ?"

நான் குறுக்கே வந்தேன். "அண்ணே, அன்னைக்கு எட்டுப் பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொன்னீங்க. அது தப்புன்னு அதே எடத்துல நின்னு சொல்லுங்க. அப்புறம் இதைப் பேசலாம்."

"இன்னா சார், வியாபாரத்துல ஒரு வார்த்த முன்னப் பின்ன வரும். அதப் போயி..." அவர் கண் என்னிடம் இல்லை. அக்காவின் கையிலிருந்த ஊக்கில் இருந்தது.

கொடுக்கமாட்டாள் என்று நினைத்தேன். கொடுத்தாள். அதுவும் பொறுமையாக. ஒரு கவரை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள்.

"இங்க பாரு. ஊக்கைத் தீயில காட்டித் துடைச்சுக்கோ. மாவு மட்டத்துக்கு மேல, இந்த எடத்துல ஒரே குத்து. முக்காலுக்கு மேல ஊத்தாத. உள்ள கட்டுற காத்து இது வழியா போயிடும். வெடிக்காது."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

அவர் ஒரு கவரைக் குத்திப் பார்த்தார். சரியாக வந்தது. "பெரிய மனசுக்கா உனக்கு" என்றார். பழத்தை வைத்துவிட்டு இறங்கினார். ஓட்டை என்று சொன்னது பற்றி ஒரு சொல் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே அப்படியே எழுத முடியாது. "இருபத்தெட்டு நாள் காத்திருந்து வாங்கினதை அஞ்சு நிமிஷத்துல தூக்கிக் கொடுத்துட்டியே. அவன் ஒரு மன்னிப்புகூடக் கேக்கல. எதுக்குச் சொன்னே?"

அக்கா அடுத்த கவரின் வாயைத் திருகினாள்.

"கவர் ஏன் வெடிக்குதுன்னு கேட்டான், சொன்னேன்" என்றாள். "மாவு ஏன் புளிக்குதுன்னு கேக்கலயே."

ரப்பர் பேண்டைப் போட்டாள். ஊக்கைத் தீயில் காட்டினாள். அவள் மூச்சு சீராக இருந்தது. துளை வழியே வாயு போகும், புளிப்பு போகாது. வெடித்துக்கொண்டே இருந்தால் அவர் காரணத்தைத் தேடி, ஒருநாள் அந்தச் சுவிட்சுக்கு வந்து சேர்ந்திருப்பார். இனி வெடிக்காது. இரண்டு மதிப்பெண் கேள்வியில் நான் ஒரு வரியை மறைத்தேன். அவள் கேட்டதை முழுவதும் சொல்லிக்கொடுத்தே அதே வேலையைச் செய்தாள்.

இது நடந்து ஒரு வருடமாகிறது. அவருடைய கவர்களில் இப்போது அழகான துளை இருக்கிறது, ஒரே இடத்தில், ஒரே அளவில். 'ஓட்டையில்லாத' என்ற சொல்லை அட்டையில் மையால் அடித்துவிட்டார். மீந்த மாவை வாங்கியவர்கள் திரும்பக் கொண்டுவருவதில்லை. அடுத்த முறை வாங்குவதுமில்லை. அந்தப் பெண்மணி வாரம் மூன்று முறை எங்கள் கேட்டுக்கு வருகிறார். சில நாள் ஆட்டோக்காரரும் வருகிறார். அக்கா இன்னொரு கிரைண்டர் வாங்கியிருக்கிறாள்.

இன்றும் பால் வாங்கப் போனேன். ஐந்து நாற்பதுக்கு ஷட்டர் ஏறியது. ஃபிரிட்ஜில் விளக்கு எரியவில்லை.